எறக்கத்துக்கு எண்ணெ எதுக்கு

இல்ல தம்பி, நான் இங்கனயே நிக்கிறேன். ஆபிஸ் ரூமுல டிவி இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு, இருக்கட்டும். என் காருக்குள்ள ஒருத்தர் கைய விடுறப்ப நான் பக்கத்துல நிக்கணும். உங்களச் சந்தேகப்பட்டுச் சொல்லலங்க. சரி, சந்தேகந்தான், என்னாத்துக்குப் பொய் சொல்லணும். காலமெல்லாம் தேயிலக் கொழுந்து எடுத்து தராசு முன்னால நின்னவ நான். கூடைக்குன்னு ஒரு கிலோ வெட்டுவாங்க. எலையில தண்ணி இருக்குன்னு இன்னொன்னு வெட்டுவாங்க. வெயிலு சுள்ளுன்னு அடிக்கிற அன்னைக்கும் தண்ணிக்கு வெட்டுவாங்க. முள்ளப் பாக்காம அந்தாண்ட திரும்புனா போச்சு. அந்தப் பழக்கம் தோட்டத்த விட்டு வந்தும் போகல.

அது என்னா வயரு? கம்ப்யூட்டர்ல சொருகுறதா? சொருகுங்க, சொருகுங்க. காரே வாயத் தொறந்து தனக்கு என்னா வருத்தம்னு சொல்லிருமா? அப்ப நல்லதாப் போச்சு. மனுசங்கதான் சொல்ல மாட்டேங்குறாங்க.

நீங்க யாழ்ப்பாணத்துப் பக்கமோ? ஆமாங்கிறதுக்கு ஓம் ஓம்ங்கிறீங்களே, அதான் கேட்டேன். எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல தம்பிராசா மாஸ்டர்னு ஒருத்தரு இருந்தாரு, உங்க ஊருதான். புள்ளைங்க அழுதாலும் சரி, அப்பன் ஆத்தா போயி நின்னாலும் சரி, அரை மார்க்கு கூடப் போட மாட்டாரு. அப்பிடி ஒரு ஆளுதான் எனக்கு இப்ப வேணும். ஏன்னா இது காரோட போற விசயம் இல்ல.

அந்தா, எதுத்த தேத்தண்ணிக் கடையில நீலச் சட்ட போட்டு உக்காந்திருக்காரே, அவருதான் என் மருமகன் செல்லசாமி. அவருதான் இத ஓட்டுறாரு. அடுத்த பெஞ்சுல மொகத்தத் திருப்பிக்கிட்டு இருக்காளே, அது என் மக தனுஜா. சித்திர வருசப் பொறப்புல இருந்து அவ மஸ்கெலியாவுல என் வீட்டுலதான் இருக்கா. நான்தான் கூட்டியாந்தேன். காருக்கு அடிக்கிற எண்ணெயத் திருடுறவனோட என் புள்ள குடும்பம் நடத்த வேணாம்னு. நேத்து சொன்னேன், ஹட்டன்ல படிச்ச மெக்கானிக் ஒருத்தரு இருக்காரு, கொண்டு போயி காட்டுவோம். கோளாறு காருலன்னு அவரு சொன்னா நீ உன் புருசன் வீட்டுக்குப் போ. காரு நல்லாத்தான் இருக்குன்னு சொன்னா நீ என்னோட இரு, அவரு அவரு பாட்டுல இருக்கட்டும்னு. அவரும் சரி அத்தேன்னாரு. அதனால பாத்து, நிதானமாப் பாத்துச் சொல்லுங்க.

காரு என் மகன் திலக்ஷன் வாங்குனது. கட்டாருல இருக்கான். புத்தம்புதுசு, வந்தப்ப சீட்டுல பொலித்தீன் கூடக் கழட்டல. அம்மா, இது ஹைபிரிட்டு, பாதி பெற்றோலு பாதி கரண்டு, லீட்டருக்கு இருவதுக்கு மேல ஓடும், மச்சான் வாடகைக்கு ஹயர் ஓட்டட்டும், நீங்க கால நீட்டி உக்காருங்கன்னான். கால எங்க நீட்டுறது. பன்னெண்டு ஓடுச்சு. அப்புறம் பத்து. இப்ப பத்துக்கும் இழுத்துப் பறிச்சுக்கிட்டு நிக்குது. ஜப்பான்காரன் பொய் சொல்லுவானா, நம்ம ஆளு பொய் சொல்லுவாரா? நீங்களே சொல்லுங்க.

அப்பிடியா? அவன் எழுதி வச்சதே சமதரையில ஓட்டிப் பாத்தா? நம்ம ரோட்டுல கொறையத்தான் செய்யும்ங்கிறீங்க. சரி, கொஞ்சம் கொறையட்டும். பாதியாவா கொறையும்?

என்னாத்தத்தான் நாங்க செய்யல. டயருக்குக் காத்து ஏத்திப் பாத்தோம். ஏசி போடக் கூடாதுன்னேன், மஸ்கெலியாக் குளிருக்கு ஏசி என்னாத்துக்கு. ஒரு பெற்றோல் செட்டுல பம்புல கோல்மாலுன்னு அடுத்த செட்டுல அடிச்சோம், அவனும் கோல்மாலுன்னு அதுக்கடுத்த செட்டுக்குப் போனோம். அடிக்கிறப்ப நான் எறங்கி மீட்டருக்கு முன்னால நிப்பேன். பாரம் ஏறுனா எண்ணெ குடிக்கும்னு யாரோ சொன்னாங்க. உள்ள கெடந்த சாமான் எல்லாத்தையும் அள்ளி வெளிய போட்டேன், கொடையக் கூட விடல. முருகன் படம் ஒன்னுதான் மிச்சம். அதையும் பெரிய பிரேமக் கழட்டிட்டு சின்னதா ஒட்டி வச்சிருக்கேன்.

ஏன் டிக்கியத் தொறக்குறீங்க? பெரிய பேட்டரி பின்னாலயா இருக்கு? அந்த பேக்கா. அது இருக்கட்டும் தம்பி. பாரந்தான், தெரியுது, இப்பதான் பாரத்தப் பத்திப் பேசினேன், தெரியாமயா இருப்பேன். இருக்கட்டும்னா இருக்கட்டும். ஓரமாத் தள்ளிட்டுப் பாருங்க, கீழ எடுத்து வைக்காதீங்க.

எங்க விட்டேன்? ஆமா, பெறகு நானே கூட ஏறிட்டேன். சீசன்ல ஹட்டன் ஸ்டேசன்ல இருந்து நல்லதண்ணிக்கு, மலையேறிச் சாமி கும்பிடப் போற ஆளுங்கள ஏத்துவாரு. முன் சீட்டுல நான் உக்காந்துக்குவேன், பின்னால அவங்க நெருக்கிக்கிட்டு வருவாங்க. ஒரு வெள்ளக்காரம்மா என்னையக் காட்டி கைடான்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன், என்னா பண்றது. கண்ண எடுக்கல தம்பி. அவரு மூத்தரம் போக எறங்குனாக் கூட நான் எறங்கி காரச் சுத்தி வருவேன். கேட்டீங்கன்னா நம்ப மாட்டீங்க, நான் ஏறினப்புறந்தான் எண்ணெ இன்னும் கூடப் போச்சு. நான் பக்கத்துல இருக்கையிலயே எடுக்கிறாருன்னா எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கணும். கள்ளன் பெருசா காப்பான் பெருசான்னு சும்மாவா சொன்னாங்க.

அதுக்கப்புறந்தான் ஊருப் பெரியவங்கள வீட்டுக்குக் கூப்பிட்டேன். கோயில் தலைவரு, என் அண்ணன் அழகுமுத்து, இன்னும் நாலஞ்சு பேரு. எல்லாரும் உக்காந்திருக்க, நடுவுல நிக்க வச்சுக் கேட்டேன். எண்ணெ எங்கய்யா போவுது? தலையக் குனிஞ்சாரு. திருடலன்னா திருடலன்னு சொல்ல வேண்டியதுதானே. மடியில கனம் இல்லாதவனுக்கு வழியில என்னா பயம். ஒரு தடவ தலையத் தூக்கி என்னையப் பாத்தாரு, அவ்வளவுதான். மறுநா காலையில தனுஜாவக் கூட்டியாந்துட்டேன். வர்ற வழியெல்லாம் அவ பேசல. இன்னும் சரியாப் பேசல. வீட்டுக்காரரும் போயி, மகனும் கட்டாருக்குப் போயி, ஒத்தையில கெடந்த வீடு. ஒரு ஆளு கூட வந்தும் சத்தமே இல்ல.

என்னா காட்டுது? சொல்லுங்க தம்பி, நெத்தியச் சுருக்காதீங்க. பேட்டரி எறக்கத்துல சார்ச்சே ஆகலையா? எறக்கத்துல எப்பிடிய்யா சார்ச்சு ஆகும், வயரு எங்க இருக்கு? எறக்கத்துல எப்பிடி ஓட்டுறாருன்னா? எல்லாரும் ஓட்டுற மாதிரித்தான். நியூட்ரல்ல போட்டு விட்டுற வேண்டியது. இந்த மலையில அத யாரும் சொல்லிக் குடுக்க வேணாமே. என் வீட்டுக்காரரு சின்னத்தம்பி தோட்டத்துல கொழுந்து லொறி ஓட்டுனவரு. உச்சி மலையில இருந்து பெக்டரி வரைக்கும் எஞ்சின் சத்தமே கேக்காது. எறக்கத்துக்கு எண்ணெ எதுக்கு, ஆண்டவன் இழுத்துக்கிட்டுப் போறான்பாரு. தோட்டத்துத் தொரையே அவரக் கூப்பிட்டு மெச்சினது உண்டு.

என்னாது?

திரும்பச் சொல்லுங்க. எக்ஸிலேட்டர்ல இருந்து காலத் தூக்கிட்டு கியர சும்மா டீயிலயே விட்டா சக்கரம் மோட்டரச் சுத்தும், மோட்டரு பேட்டரிக்குக் கரண்டு ஏத்தும். அந்தக் கரண்டுதான் அடுத்த ஏத்தத்துல எண்ணெயக் கொறைக்கும். நியூட்ரல்ல போட்டா ஒன்னும் ஏறாது. எறக்கத்துல கரண்டா? என்னையப் பாத்தா பைத்தியக்காரி மாதிரித் தெரியுதா.

இருங்க. இருங்க இருங்க. எங்க வீட்டு வாசல்ல நின்னா டேமு தெரியும். தண்ணி டனலுக்குள்ள எறங்கிப் போயி கீழ கரண்டாத்தான் வருது. எறங்குறதுலதான் வருது. அந்த மாதிரியா? அப்ப நாங்க இத்தன நாளும் தண்ணிய டனலுக்கு விடாம ஆத்துல தொறந்து விட்டுட்டோமா? கினிகத்தேன எறக்கம் முழுக்க? மஸ்கெலியா வளைவு முழுக்க?

அட முருகா. அந்த அம்புக்குறி. உள்ள ஒரு படம் ஓடுமே தம்பி, சக்கரம், பேட்டரி, எஞ்சின், அதுக்கு நடுவுல அம்பு அம்பா. எறக்கத்துல சக்கரத்துல இருந்து ஒரு அம்பு பேட்டரிப் பக்கம் ஓடும். என்னமோ ஒழுகிப் போவுதுன்னு நெனச்சேன். நியூட்ரல் போட்டா அம்பு நின்னுரும். சரி, செலவு நின்னுருச்சுன்னு மனசு நெறஞ்சு போகும். வர்றத நிப்பாட்டிட்டுல்ல மனசு நெறஞ்சிருக்கு.

அப்ப யாரும் திருடல.

இருங்க, அவங்கள இன்னும் கூப்பிடாதீங்க. ஒன்னு கேக்கணும். நியூட்ரல் போடச் சொன்னது யாருன்னு அந்தக் கம்ப்யூட்டரு காட்டுமா? காட்டாது, எனக்கும் தெரியும், சும்மா கேட்டேன். அப்பன்னா ஒரு ஒதவி பண்ணுங்களேன். ஏதோ ஒரு சாமான் பழுது, மாத்திட்டேன்னு சொல்லிருங்க. பெருசா வேணாம். ஒரு வயரு, ஒரு நட்டு. யாருக்கும் நட்டம் இல்ல. அவரும் கள்ளன் இல்லன்னு ஆயிரும், நானும்... ஏலாதா? ம். அரை மார்க்கு கூடப் போட மாட்டீங்கன்னு நானே சொல்லி வச்சுட்டேன், வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

நான்தான் தம்பி சொன்னேன். எறக்கம் வந்தா போடுங்க மாப்ள நியூட்ரல்னு நான்தான் சத்தம் போடுவேன். கார் வந்த மொத வாரமே அவரு சொன்னாரு. அத்தே, இதுக்கு நியூட்ரல் வேணாம்னு வித்தவங்க சொல்லிக் குடுத்தாங்கன்னாரு. உங்க மாமா ஓட்டாத எறக்கமான்னு கேட்டேன். அப்புறம் நான் சொன்னாப் போடுவாரு. நான் இல்லாதப்பப் போட மாட்டாரு போலருக்கு, அதான் நான் ஏறினப்புறம் இன்னும் மோசமாயிருக்கு. இப்பத்தான் எல்லாம் வெளங்குது.

வெளங்காதது ஒன்னு இருக்கு. அத்தன பேரு முன்னால கள்ளன்னு நிக்க வச்சேனே, அப்பக் கூட ஏன் சொல்லல? அத்தே, நீங்க சொல்லித்தானே செஞ்சேன்னு ஒத்த வார்த்த. சொல்லியிருந்தா என் மானம் போயிருக்கும், என் அண்ணன் முன்னால, தலைவரு முன்னால. அதுக்காகவா ஒரு மனுசன் கள்ளப் பட்டத்தச் சுமப்பாரு? எதுவும் உள்நோக்கம் இருக்குமோன்னு இங்க நிக்கிற நேரத்துலயே நாலு பக்கமும் யோசிச்சுப் பாத்துட்டேன். ஒன்னும் ஆப்புட மாட்டேங்குது. வெக்கமா இருக்கு தம்பி.

சரி, கூப்பிடுங்க. உள்ளத உள்ளபடி நீங்களே சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன். எங்க அண்ணன்கிட்டயும் தலைவர்கிட்டயும் நானே போயிச் சொல்லிக்கிறேன். போறப்ப முன் சீட்டுல தனுஜா உக்காரட்டும். அவங்க வீடு டிக்கோயாவுலதான், நான் அங்க எறங்கி மஸ்கெலியா பஸ் புடிச்சுக்குவேன்.

டிக்கிய மூடப் போறீங்களா? அந்த பேக்கு தனுஜாவோடது. காலையில நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள அவளே கட்டி, அவளே தூக்கியாந்து வச்சிருக்கா. மெக்கானிக் என்னா சொன்னாலும் சரி, கள்ளன்னே சொன்னாலும் சரி, நான் அவரோடதாம்மா போறேன், ஒங்க வீட்டுக்குத் திரும்பி வரப் போறதில்லன்னா. அவருக்கு இது தெரியாது. வர்ற வழியில எங்கயாவது நிப்பாட்டி எறக்கிப் போட்டுறலாமான்னுதான் நான் பாத்துக்கிட்டே வந்தேன். இப்ப அது அங்கயே இருக்கட்டும். பாரந்தான். எண்ணெ குடிச்சா குடிச்சிட்டுப் போவுது.