துடைத்த சத்தம்

இரவு இரண்டு மணி. காட்டுச் சாலை. காரில் ஒரே ஆள், நம் ஒல்லியின் மச்சான். சினிமாப் பாட்டுகளுக்குச் சத்தம் பதிவு செய்கிறவர். ஒல்லி, நீ வாயைத் திறக்காதே. தப்பாகச் சொன்னால் மட்டும் திருத்து. எனக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு மாதம் முன்பு இதே சாலையில்தான் போயிருந்தார். ஓடைக்கரையில் மைக்கை நட்டு, பக்கத்திலேயே விடியும்வரை உட்கார்ந்திருந்தார். இசையமைப்பாளருக்கு ஓர் இராப்பறவையின் கூவல் வேண்டுமாம்.

"பறவை மட்டும் போதும். மத்ததெல்லாம் குப்பை, தூக்கிடு" என்றார் அந்த மகானுபாவர்.

இவரும் கம்ப்யூட்டரில் துடைத்தார். தவளை போனது. ஓடை போனது. மூங்கில் உரசல் போனது. நடுநடுவே ஓர் இருமல்... அது வனக் காவலாளி. குளிருக்குக் கம்பளி கொடுத்த மனுஷன். அவரும் குப்பையாம்! பாட்டு மூலைமுடுக்கெல்லாம் ஓடியது. வீட்டிலும் இவர் குறட்டை நின்றுவிட்டது என்று ஒல்லியின் அக்காவுக்கு ஒரே நிம்மதி.

அப்புறம்தான் காவலாளியின் மனைவி போன் செய்தாள்.

அந்த இரவுதான் இது. காரை நிறுத்தினார். ஈர மண் வாசனை. டார்ச் அடித்தார். ஓடை நுரைத்து ஓடியது... சத்தமில்லை. கல்மேல் ஒரு தவளை. தொண்டை உப்பியது, அடங்கியது... ம்ஹூம். மூங்கில் ஆடியது. ஒன்றுமில்லை. அந்தப் பறவை மட்டும் கூவியது. பாட்டில் வருகிற அதே இடைவெளியில்.

குடிசை வாசலில் காவலாளி குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தார். இருமுகிறார். கேட்கவில்லை. அவர் மனைவி இவர் சட்டையைப் பிடித்தாள்.

"ராத்திரி மூச்சு முட்டினா இருமித்தான்யா என்னை எழுப்புவாரு. இனிமே எப்படி எழுப்புவாரு? குடுய்யா, எடுத்ததைத் திருப்பிக் குடு!"

காருக்கு ஓடினார். துடைத்ததெல்லாம் லேப்டாப்பில் தனியாக இருந்தது. ஹெட்போனை மாட்டிப் போட்டார். தவளை, ஓடை, இருமல்... எல்லாம் உள்ளே இருந்தன. வெளியே எதுவும் திரும்பவில்லை. இருமலுக்கு அடியில் இன்னொன்றும் கேட்டது. மைக்குக்கு மிக அருகில். மெதுவாக... உஸ்... உஸ்...

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வாயைத் திறந்து பலமாக ஊதிப் பார்த்தார். உதட்டில் சூடு பட்டது. சத்தமில்லை.

காவலாளி அந்த வாரமே போய்விட்டார். பக்கத்தில் படுத்திருந்தவளுக்குக் கேட்கவே இல்லை. இசையமைப்பாளரிடம் சொன்னால் சிரிக்கிறாராம். படுபாவி!

மச்சான் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறீர்களா? ஒல்லி, இப்போது நீ சொல்லு.

ஒல்லி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாத்தான் இருக்காரு... அக்காதான் தூங்கறதில்ல. விடிய விடிய அவரு மூக்குக்கிட்ட கை வெச்சுக்கிட்டே உக்காந்திருக்கா."