கை வைத்தால் நிற்கும் சத்தம்

இரண்டாம் ஷிப்ட் முடிந்த நேரம். ஒரகடத்திலிருந்து படப்பை போகிற ரோடு. கம்பெனி பஸ்கள் போய்விட்டால் அங்கே ஓரமாக நிறுத்திய கன்டெய்னர் லாரிகள் மட்டும்தான்... டிரைவர்கள் உள்ளே தூங்குவார்கள். ஒரு பழைய கார் வருகிறது. ஓட்டுகிறவனைத் தவிர அதில் யாரும் இல்லை.

"இன்னாபா, ஆரம்பமே பேஜாரா கீது," என்றான் கோதண்டராமன், எங்கள் அறையின் இருட்டில். "மாசானம், லைட்டப் போட்றா."

"கரண்டு இருந்தாத்தானல போடுததுக்கு? பேசாம கேளு."

எங்களோடு தங்கியிருக்கும் பேச்சிராஜுக்கு இன்று நைட் ஷிப்ட். அவன் அறையில் இருந்தால் இதைச் சொல்ல மாட்டேன். அவனுடைய பெரியப்பா மகன் வனமாமலைக்கு நடந்தது.

வனமாமலைக்குக் கார் கம்பெனியில், உள்பக்கப் பாகங்களை மாட்டுகிற டிரிம் லைனில் வேலை. டேஷ்போர்டில், முன்சீட்டுக்கு எதிரே, நீளமாக ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடும் இல்லையா? அதை வைத்து, உள்ளங்கையால் ஓர் அடி. டக். அடுத்த வண்டி. அவன் மனைவி சுகப்பிரியா அதே லைனின் கடைசியில் குவாலிட்டி செக்கிங். வெள்ளைப் பருத்தி கிளவுஸ் போட்ட கையை அந்தப் பட்டைமேல் ஓட்டிப் பார்ப்பாள். ஆடினால் வண்டி திரும்பிப் போகும். ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுவாள். வீட்டுக்கு வந்தும் அவள் கையைவிட்டு அந்த வாசனை போகாது.

இருவரும் சேர்ந்து வாங்கிய கார் ரொம்பப் பழசு. அதில் அந்தப் பட்டையே ஆடியது. கட கட கட... அவள் எட்டிக் கை வைப்பாள். நின்றுவிடும். எடுத்தால் மறுபடி ஆரம்பிக்கும். அதனால் எடுக்கவே மாட்டாள், வீடு வரை.

"கம்பெனில ஒரு பட்டை ஆடுனா நான் வண்டிய விடமாட்டேன். நம்ம வண்டிக்கு நானே கிளிப்பா?"

"ஞாயித்துக்கெழம மாத்துதேன்."

"எந்த வருசத்து ஞாயித்துக்கெழம? எனக்குக் கை கடுக்குங்க."

காய்ச்சல் வந்தது. அந்த வாரமே போய்விட்டாள்.

பிறகு அவன் தனியாகத்தான் வந்துபோனான். ஒரகடம் மேம்பாலத்தில் கட கட கட... பாலம் இறங்கியதும் சட்டென்று நிற்கும். அதே ரோடு. அதே குழிகள். ஆனால் சத்தம் இல்லை. கண்ணாடி ஏற்றிய காருக்குள் லேசாக ஸ்பிரிட் வாசனை.

அவன் பயப்படவில்லை. இடது பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்தால் போய்விடுமோ என்றுதான்.

ஒருநாள் வீட்டு வாசலில் இன்ஜினை அணைத்தான். அமைதி. பக்கத்து சீட்டிலிருந்து ஒரு சத்தம்... விரல்களை நெட்டி முறிக்கிற சத்தம். ஒவ்வொரு விரலாக.

ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். இன்னும் அவள் பிடித்துக்கொண்டுதான் வருகிறாள். இன்னும் கை கடுக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கார் பாகங்கள் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பட்டை வாங்கி வந்தான். மெக்கானிக்கிடம் விடவில்லை. வாசலில் நின்ற காருக்குள் உட்கார்ந்து, ஸ்க்ரூ டிரைவர் முனையில் துணி சுற்றி, பழையதை நெம்பினான். ஒன்பது வருடமாகப் பட்டை மாட்டுகிறவன். ஒன்றைக்கூடக் கழற்றியதில்லை. லைனில் கழற்றுவது ரீவொர்க் ஆட்களின் வேலை. அது அவனுக்கு அப்போது தோன்றவில்லை. படக், படக் என்று பட்டையின் பின்பக்கக் கிளிப் கால்கள் எல்லாம் ஒடிந்து வந்தன.

புதியதை வைத்து உள்ளங்கையால் அடித்தான். டக்.

"இனி கைய மடியில வச்சுக்கோ," என்றான், காலி சீட்டைப் பார்த்து.

மறுநாள் இரவு கார் சத்தமே இல்லாமல் வந்தது. பாலத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வாசனையும் இல்லை. இருக்கிறாளா, இல்லையா... தெரிந்துகொள்ள வழியே இல்லை. முதல்முறையாக இடது பக்கம் திரும்பினான். சீட் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் புதியதைப் பிய்த்து எறிந்தான். பழையதை வைத்து அழுத்தினான். விழுந்தது. பசை போட்டான், டேப் ஒட்டினான். விழுந்தது. பிடித்துக்கொள்ள அதற்குக் கால்கள் இல்லை.

"ஐயோ பாவம்பா," என்றான் கோதண்டராமன்.

பழைய பட்டையைக் கட்டிலில் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தான். ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது... கட கட கட.

பட்டை ஆடிக்கொண்டிருந்தது. நடுவே, குழியில் இறங்கி ஏறுகிற மாதிரி ஒரு பெரிய குலுக்கல். கார் கீழே வாசலில் நிற்கிறது. பட்டை மட்டும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

பாலம் இறங்கியதும் நின்றுவிடும் என்று காத்திருந்தான். நிற்கவில்லை. அவன்தானே சொன்னான், கையை மடியில் வைத்துக்கொள் என்று.

அவன் தன் கையை அதன்மேல் வைத்தான். நின்றது.

எடுக்கவில்லை. தோள் மரத்தது. விரல்கள் கடுத்தன. இவ்வளவு வலியா என்று அப்போதுதான் தெரிந்தது. எடுத்தால் ஆரம்பித்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தான்.

வெளுக்கப்போகிற நேரம். அவன் புறங்கைமேல் மெதுவாக ஒரு கை வந்து உட்கார்ந்தது. பருத்தித் துணி உறை... ஸ்பிரிட் வாசனை. 'நீ எடு, நான் பிடிச்சுக்கிறேன்' என்கிற மாதிரி ஒரு சின்ன அழுத்தம்.

சூடாக இருந்தது என்கிறான்.