மக்கா ராசாவும் ரியாத் ராசாவும்

— அதுக்குன்னு செத்த மனுசனைப் பொய்க்காரர்னு சொல்லுவியா அம்மிணி? காரியம் முடிஞ்சு சொந்தபந்தமெல்லாம் இப்பத்தான் மேட்டுப்பாளையம் பஸ் ஏறியிருக்குது.

— நான் அப்படிச் சொல்லலைங்ணா. அப்பா எங்கிட்டச் சொன்னதைச் சொன்னேன். ‘பிரியா, உனக்கு ஊடு இருக்குது கண்ணு, புள்ளையக் கூட்டிட்டு வந்துரு’ன்னாரு. அதை நம்பித்தான் திருப்பூர்ல கட்டுன அந்தாளை விட்டுப்போட்டு, கனிஷ்காவோட இந்த மலையேறி வந்தேன்.

— எங்கிட்டயுந்தான் சொன்னாரு. ‘தரணி, எனக்கப்புறம் ஊட்டை நீ பாத்துக்கோணும்’னு. நான் திருச்சி பேக்டரியில ரிட்டயர் ஆகப்போறவன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணுன்னுட்டான். பொட்டியத் தூக்கிட்டு எங்க போறது? இந்த அருவங்காட்டு ஊட்டை நெனச்சுத்தானே இத்தனை வருசமா ஒரு செங்கல்லுகூட எடுத்து வெக்காம இருந்துட்டேன்.

— ‘பாத்துக்க’ன்னா ஒழுகுனா ஓடு மாத்துன்னு அர்த்தமுங்ணா. எடுத்துக்கன்னு அர்த்தமில்லை.

— அப்ப ‘ஊடு இருக்குது’ன்னா? வந்து தங்கிக்கன்னு அர்த்தம். எழுதி வெச்சுட்டேன்னா அர்த்தம்? ஏன் சிரிக்கிற?

— சிரிப்பில்லைங்ணா. அழுகை வரமாட்டேங்குது, அதுக்குப் பதிலா இது வருது. அப்பாவோட பாலைவனப் பாடம் ஞாபகம் வந்துருச்சு.

— அட சாமி! வெலிங்டன் பட்டாளக் காலேஜ்ல அதிகாரிகளுக்குப் படம் ஓட்டுற வேலை. அங்க காதுல விழுந்ததையெல்லாம் ஊட்டுக்கு வந்து நமக்கு நடத்திருவாரு. சோத்துல கை வெச்சா அரபு நாடுதான்.

— மொத உலக யுத்தம். துருக்கிக்காரனை அடிக்கோணும். அதுக்கு வெள்ளைக்காரனுக்கு அரபு ராசாக்களோட தயவு வேணும். உங்களை மக்கா ராசாம்பாரு, என்னை ரியாத் ராசாம்பாரு.

— கெய்ரோவுல இருந்த வெள்ளைக்காரன் மக்கா ராசாவுக்குக் கடுதாசி எழுதுனான். துருக்கி மேல எந்திரிங்க, அரபு ராச்சியம் உங்களுதுன்னு. இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரன் ரியாத் ராசாகூட ஒப்பந்தம் போட்டான். உங்க மண்ணு உங்களுது, நாங்க காவல்னு. ரெண்டு ராசாவுக்கும் ஆகவே ஆகாது. ரெண்டு பேரும் வெள்ளைக்காரன் கூட்டாளி!

— ‘ஒரே பொண்ணுக்கு ரெண்டு எடத்துல தட்டு மாத்துனவன்டா அவன்’ம்பாரு அப்பா.

— ஒரு வார்த்தை சொல்லுவாரே, அது என்ன அம்மிணி?

— விலாயத். எந்த மண்ணு மக்கா ராசாவுக்குச் சேராதுன்னு கடுதாசியில எழுதுற எடத்துல அந்த வார்த்தை வந்துச்சாம். மாகாணம்னும் அர்த்தம் வரும், ஊரைச் சுத்தின பக்கம்னும் அர்த்தம் வரும். ராசா ஒண்ணு நெனச்சுக்கிட்டாரு, யுத்தம் முடிஞ்சப்புறம் வெள்ளைக்காரன் வேறொண்ணைச் சொன்னான்.

— நம்மப்பனும் நல்ல பாடமாத்தான் படிச்சிருக்காரு. உனக்கொரு ‘இருக்குது’, எனக்கொரு ‘பாத்துக்க’. வெள்ளைக்காரனாச்சும் சண்டையில ஜெயிக்கோணும்னு பண்ணுனான். இவருக்கு என்ன கேடு?

— உங்களுக்கே தெரியலைங்களா? அந்தாளை விட்டு வர்றேன்னு நான் போன் பண்ணுனப்ப, ‘பொறுத்துட்டுப் போ’ன்னீங்க. அன்னைக்கு நின்ன பேச்சு. ஆனா அப்பா திருச்சி போய்ட்டு வந்தா, ‘அண்ணன் உன்னைக் கேட்டான், கனிஷ்கா படிப்பைக் கேட்டான்’னு சொல்லுவாரு.

— நான் கேக்கலையே.

— கேக்கலைங்களா?

— இல்லை. எனக்கு வர்க்கி பிஸ்கட்டுப் பொட்டலம் கொண்டாருவாரு. ‘உனக்குப் புடிக்கும்னு தங்கச்சி குடுத்துவிட்டா’ம்பாரு.

— நான் குடுத்துவிடலைங்ணா. ஒருக்காக்கூட.

— ...அந்த வர்க்கியத் தின்னுபோட்டு ஒவ்வொரு தடவையும் நெனப்பேன். அவளே எறங்கி வந்துட்டா, நாமளும் ஒரு போன் போடோணும்னு. போடலை. கொழுப்பு.

— நானும் போடலை. அதான் அண்ணன் நம்மளை விசாரிக்கிறாரேன்னு இருந்துட்டேன். அப்பா பேசுனதாலதான் நாம பேசாமயே இருந்துட்டோமாட்ட இருக்குது.

— யுத்தம் முடிஞ்சதும் ராசாக்க ரெண்டு பேரும் மோதிக்கிட்டாங்க. ‘அது உங்க சண்டை’ன்னு வெள்ளைக்காரன் ஒதுங்கிட்டான். அப்பாவும் போய்ட்டாரு. இனி நாம மோதிக்க வேண்டியதுதான் பாக்கி.

— எனக்குத் தெம்பில்லைங்ணா. ஆனா ஊட்டை விடவும் முடியாது. குன்னூர்த் துணிக்கடைச் சம்பளத்துல வாடகை குடுத்தா சோத்துக்கு இல்லை. புள்ளை பிளஸ் டூ படிக்குது. திருப்பூருக்குத் திரும்பிப் போகச் சொன்னீங்கன்னா நான் செத்துருவேன். அப்பாவாட்டச் சுத்திச் சொல்ல எனக்கு வரலை.

— ம். மக்கா ராசா கடைசியில எங்க போனாரு?

— கப்பலேறி சைப்ரஸ் தீவுக்கு. ரியாத் ராசா படை மக்காவுக்குள்ள வந்துருச்சு, இவரு ஊரில்லாம அங்க கெடந்தாரு. அதைச் சொல்றப்ப மட்டும் அப்பா உங்க மூஞ்சியப் பாக்கமாட்டாரு.

— கவனிச்சிருக்கேன்.

— எங்கீங்ணா எந்திரிச்சுட்டீங்க? டீயக் குடிங்க, ஆறுது.

— ஒண்ணு சொல்ல விட்டுப்போச்சு அம்மிணி. அப்பா போறதுக்கு மொத நாளு, ஆஸ்பத்திரியில இருந்தவர் போனுக்குக் கூப்புட்டேன். நீ வெளிய போயிருந்தியாட்ட இருக்குது. ஒரு வார்த்தையும் பேசாம எடுத்து அவர் காதுல வெச்சாங்க, நர்ஸாத்தான் இருக்கோணும். கொஞ்ச நேரம் நல்லாத் தெளிஞ்சிருந்தாரு. ‘தரணி, ஊடு பிரியாவுக்குத்தான். நீ எழுதிக் குடுத்துரு, உனக்கு எங்காச்சும் ஒரு எடம் அமையும்’னாரு.

— அப்பாவாங்ணா?

— பின்ன? அவர் வாயாலதான். பெத்தவர் சொல்லை மீற முடியுமா? நாளைக்கே வக்கீலைப் பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டு வண்டி ஏறிர்றேன். நீ ஏன் இப்ப அழுகிற? சொன்னது அவரு, நானில்லை.

— அவருக்கு அதுக்கு முந்தியே பேச்சு போயிருச்சுங்ணா... போனை அப்பா காதுல வெச்சுட்டு நின்னது நானு, நீங்க அழுததைத் தவிர அதுல ஒரு சத்தமும் இல்லை.