ரெண்டாவது அடுப்பு

— முதுகுக்குப் பின்னால இன்னாத்த மறைக்கிற, மணவாளா?

— ஒண்ணுமில்ல அண்ணி. நீ எப்போ பூந்தமல்லிக்கு வந்த?

— வளையல் வாங்க வந்தேன். உன் பொண்டாட்டி ராணிக்குத்தான். பாத்தா நம்ம ஊட்டு வண்டி செங்கல்வராயன் கடை வாசல்ல நிக்குது. காட்டு, கையில இன்னாது?

— அடுப்பு, அண்ணி.

— அடுப்பா.

— சும்மா பாத்துகினு இருந்தேன்.

— சும்மா யாராச்சும் அடுப்பு பாப்பாங்களா? ஒரு ஊட்ல ரெண்டாவது அடுப்பு பூந்தா இன்னா அர்த்தம்னு சென்னீர்குப்பத்துல தெரியாதவன் எவன்? அண்ணனும் தம்பியும் பிரிஞ்சிட்டாங்கன்னு அர்த்தம். உங்க சித்தப்பன் ஊட்ல இப்பிடித்தான ஆச்சு. மொதல்ல அடுப்பு வந்துச்சு, அப்பால நடுவுல சுவரு வந்துச்சு.

— ஐயோ அண்ணி, அப்பிடி ஒண்ணும் இல்ல. ஆடி மாசம் பெரியபாளையம் கோயிலுக்குப் போறோமே, ஆத்தங்கரையில சோறாக்குறதுக்குத்தான்.

— நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து வண்டி கட்டிகினு பெரியபாளையம் போறோம். மூணு கல்லு, சவுக்குக் கட்டை. எந்த வருஷம்டா அடுப்பு எடுத்துகினு போனோம்? பொய் சொல்றப்போ உன் காது ஆடும். சின்ன வயசுலயும் ஆடிச்சு, இப்பவும் ஆடுது.

— அன்னம்மா, நான் ஒண்ணு சொல்லட்டா?

— நீ சும்மா இருப்பா செங்கல்வராயா. எனக்குத் தெரிஞ்சதுதான். ராணி நம்ம ஊட்டுக்கு வந்ததுலேர்ந்து அடுப்பாண்ட ரொம்ப நேரம் நின்னு நான் பாத்ததில்ல. ராயபுரத்துல அவங்க ஊட்ல கிருஷ்ணாயில் அடுப்பு. நம்ம ஊட்டுப் பொகை அவளுக்கு ஒத்துக்கல. தனியா போவணும்னு அவளுக்கு ஆசை, வாயத் தொறந்து கேக்க உனக்கு பயம்.

— அவ அப்பிடி சொல்லவே இல்ல அண்ணி.

— சொல்ல வாணாம், பாத்தா தெரியாதா? எனக்கு வயிறு எரியுது, இல்லன்னு சொல்ல மாட்டேன். உன்ன இடுப்புல தூக்கிகினு வளத்தவ நான். ஆனா திருட்டுத்தனமா வாங்காத. போறதா இருந்தா என் கையால அடுப்பு வாங்கிகினு போ. இன்னான்னா கீதுப்பா கடையில, எடுத்துப் போடு.

— மூணு தினுசு கீதும்மா. இது பித்தளை, பம்பு அடிக்கிற அடுப்பு. காலைக் கழட்டி டப்பாவுல போட்டுகினா எங்க வேணா தூக்கிகினு போலாம். செம்பரம்பாக்கம் ஏரியில வாத்து சுட வர தொரைங்க இதத்தான் கொண்டாறாங்க. சோக்கா எரியும். வெலைதான் கொஞ்சம் ஏறும். இது திரி அடுப்பு, தகரம், மலிவு. இது இரும்பு கும்முட்டி, கரி போட்டு விசிறணும்.

— காத்துல எது அணையாது, அண்ணாத்தே?

— ஊட்டுக்குள்ள ஏதுடா காத்து? பம்பு அடுப்பு வாணாம். குப்புன்னு ஏறிச்சுன்னா அந்தப் பொண்ணு முடி கருகிப் போவும். வெலையும் தொரைங்க வெலை. கும்முட்டியும் வாணாம், கரி பத்துறதுக்குள்ள நீ பசியோட ஏர் ஓட்டிகினு போயிடுவ. அந்தத் திரி அடுப்பக் குடு. திரிய ஏத்தி எறக்குறது எப்பிடிப்பா?

— இந்தத் திருகாணிதாம்மா.

— கெட்டியா கீதே. அவ வெரலுக்கு இது திரும்பாது. வேற எடு.

— அண்ணி, நம்ம பெரிய தவலை இதுமேல நிக்குமா?

— ரெண்டு பேருக்கு எதுக்குடா தவலை? சின்னதா ஒரு பானை வெச்சா உங்களுக்கு ரெண்டு வேளைக்கு ஆவும். நாளைக்கு ஒரு கொழந்தை பொறந்தா ராவுல வெந்நீர் போடணும், அதுக்கும் திரி அடுப்புதான் தோது. கொழந்தையை மட்டும் என்கிட்ட தூக்கிகினு வந்துடு, மணவாளா. அதுக்கும் நடுவுல சுவரு வெச்சிடாத.

— அழுவாத அண்ணி.

— நான் எங்கடா அழுவுறேன். இந்தக் கடையில கிருஷ்ணாயில் நெடி.

— கிருஷ்ணாயில் பீப்பா பின்கட்டுல கீதும்மா.

— உன்னக் கேட்டாங்களா?

— கேக்கலதான். மணவாளா, நீ சொல்றியா, நான் சொல்லட்டா?

— வாணாம் அண்ணாத்தே. ராணிக்கு சத்தியம் பண்ணிக் குடுத்துகீறேன்.

— நான் பண்ணலியே. அன்னம்மா, அந்த முக்காலியில குந்து. போன சந்தைக்கு இவனை இங்க இழுத்துகினு வந்ததே அந்தப் பொண்ணுதான். நின்னு நிதானமா கேட்டுச்சு. ஆத்தங்கரைக் காத்துல அணையுமா, வண்டி குலுங்குனா எண்ணெய் சிந்துமா, ஒரு ஊட்டு ஜனத்துக்கே சோறாக்குற தவலை இதுமேல நிக்குமா. தனிக்குடித்தனம் போறவங்க கேக்குற கேள்வியா இது?

— பின்ன எதுக்கு?

— இனிமே மறைச்சு இன்னா மணவாளா. சொல்லு.

— அண்ணி, சின்ன வயசுல எனக்கு அம்மை போட்டப்போ பெரியபாளையத்தாளுக்கு நீ இன்னா வேண்டிகின?

— இப்போ எதுக்கு அது?

— சொல்லேன்.

— புள்ள பொழச்சா ஒடம்பு பூரா வேப்பிலையால வேப்பஞ்சேலை கட்டிகினு கோயிலச் சுத்தி வரேன்னு வேண்டிகினேன்.

— வந்தியா?

— எங்கடா முடிஞ்சுது? ஒரு வண்டி ஜனம் பசின்னு நிக்குது. மழையில நனைஞ்ச வெறகு. உட்டுட்டு எழுந்தா அணைஞ்சிடும். நீங்கல்லாம் சாமி பாத்துட்டு வரப்போ நான் ஊதிகினே இருப்பேன். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு உங்கண்ணன் சொல்வாரு. நானும் சரின்னுடுவேன். ஆத்தாளுக்குத் தெரியாதா என் நெலம.

— அதப் பேச்சோட பேச்சா ராணிகிட்ட சொல்லிட்டேன். அன்னிக்கு அவ சரியா சாப்புடக்கூட இல்ல. "உன்னப் பொழைக்க வெச்ச வேண்டுதல் இன்னும் அப்பிடியே நிக்குதா, நீ பொழச்சதாலதான எனக்கு ஒரு வாழ்க்கை"ன்னா. "இந்த வருஷம் அக்காவ அடுப்பாண்டேர்ந்து எழுப்பியே ஆவணும். எனக்கு வெறகு ஊதத் தெரியல, பொகைதான் வருது, அதான் அக்கா என்னக் கிட்ட சேக்கறதில்ல. எனக்குத் தெரிஞ்ச அடுப்பு ஒண்ணு வாங்கிக் குடு, அத்தினி பேருக்கும் நான் ஆக்கிப் போடுறேன்"ன்னா. முன்னாடியே தெரிஞ்சா நீ ஒத்துக்க மாட்டன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிகினா.

— கிட்ட சேக்கலன்னா நெனச்சிகினு கீறா? கண்ணு செவந்து நிக்குதே பொண்ணுன்னுதான் அந்தாண்ட போடின்னேன்.

— அது அவளுக்கு எப்பிடி அண்ணி தெரியும்?

— நான்தான் சொல்லியிருக்கணும். மனசு நோவ எத்தினி நாளு ஓரமா நின்னுச்சோ அந்தப் பொண்ணு.

— அப்போ திரி அடுப்ப உள்ள வெச்சிடட்டாம்மா?

— வெச்சிடு. அந்தப் பித்தளைய எடு. எங்க தவலைய தாங்குமா?

— தாராளமா. மேல ஒரு இரும்பு வளையம் போட்டுத் தரேன். வெலைக்கு யோசிக்காத. சீமைக்குப் போன தொரை ஒருத்தரு வித்துட்டுப் போனது ஒண்ணு கீது. டப்பாதான் நசுங்கிகீது, அடுப்பு சோக்கா கீது. பாதி வெலைக்குத் தரேன்.

— அதக் குடு. ஆனா ஒண்ணு. ராணி அந்த அடுப்பாண்ட குந்தக் கூடாது.

— முடி கருகிடும்னா அண்ணி? அவ பொறந்த ஊட்ல தெனமும் இந்த மாதிரி அடுப்பத்தான் பத்த வெச்சவ.

— அதுக்கில்லடா. வேப்பஞ்சேலைய தானே கட்டிக்க முடியுமா? இலை சரியாம ஒருத்தி முடிஞ்சு உடணும், கூடவே கையப் புடிச்சிகினு சுத்தி வரணும். என் ஊட்ல அதுக்கு அவள உட்டா வேற யாரு கீறா?

— அப்போ அத்தினி பேருக்கும் சோறு?

— செங்கல்வராயா, இந்த பம்ப எப்பிடி அடிக்கிறதுன்னு இவனுக்குக் கத்துக் குடு.