பாடகர் வராத மாலை

நேரம் தாண்டினால் அடித்துவிடலாம் என்று மணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் எங்கள் முன்னாள் கண்டக்டர் அவர்களே, நரைத்த தலையோடும் நனைந்த நினைவுகளோடும் முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, திக்கித் திக்கிப் பேசும் பிள்ளையைப் பெற்றதற்காக ஊரார் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிச் சொல்லி, பிள்ளையைவிட அதிகம் தடுமாறிய தாய்மார்களே, உட்கார்ந்தால் யாராவது பேசச் சொல்லிவிடுவார்களோ என்று கதவோரமே நிற்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே, உங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே வணங்குகிறேன்.

விளிப்புகளைச் சுருக்கிக்கொள் என்று மேடையேறும்போதே தலைவர் காதில் சொன்னார். மாட்டேன் ஐயா. முப்பது வயதுவரை ஒரு மனிதரையும் வாய்விட்டு அழைக்காமல் வாழ்ந்தவன் நான். இன்று இத்தனை பேரை அழைக்க வாய்த்திருக்கிறது. ஆசை தீர அழைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இது நம் வீடு.

திக்கிப் பேசுகிறவர்கள் கூடும் இந்தச் சனிக்கிழமைக் கூட்டம் எப்படித் தொடங்கியது என்று சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். இது ஒரு மருத்துவர் தொடங்கியதா? இல்லை. அறிஞர் எவரேனும் ஆராய்ந்து அமைத்ததா? அதுவும் இல்லை. ஒரு மாலையில், பாட வேண்டிய பாடகர் வராமல் போனதால் தொடங்கியது. பாட்டு இல்லாத அந்த மாலையில் ஒரு ஸ்டீல் கிட்டார் பாடியதால் தொடங்கியது.

அப்போது நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். சாணைச் சக்கரம் சுற்றும், அதன்மேல் தண்ணீர் சொட்டும், கண்ணாடியின் விளிம்பு கரைந்து கரைந்து சட்டத்துக்குள் அடங்கும். அங்கே பேச்சு தேவையில்லை. முதலாளி நல்லவர். "வர்றவங்ககிட்ட பேசறத நான் பாத்துக்கறேன், நீ கண்ணாடியப் பாத்துக்க" என்று திரையை இழுத்துவிடுவார். அந்தத் திரைக்குப் பின்னால் என் இளமை கழிந்தது.

வெளியே வந்தால்தான் தொல்லை. பேருந்தில் ஏறினால், போக வேண்டிய நிறுத்தத்தின் பெயர் வாயில் வராது. அதனால் வாயில் வருகிற வேறு நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி, மிச்ச தூரத்தை நடந்தே கடப்பேன். இந்த நகரத்தில் என்னளவு நடந்தவன் எவனும் இல்லை. நாக்கு செய்த குற்றத்துக்குக் கால் அனுபவித்த தண்டனை அது.

வீட்டில் எனக்கு வாயாக இருந்தவர் என் அக்கா. நான் ஓர் எழுத்தைத் தொடங்கினால் அவர் சொல்லை முடிப்பார். சொல்லைத் தொடங்கினால் வாக்கியத்தையே முடித்துவிடுவார். அன்பால் செய்தார், அவசரத்தால் செய்தார், நான் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் செய்தார். ஆனால் அந்த அக்காவை "அக்கா" என்று நான் அழைத்ததே கிடையாது. எனக்கு எமனே அந்த முதல் "அ"தான். தொண்டையில் வந்து அடைத்துக்கொள்ளும். அதனால் கதவைத் தட்டுவேன், கையைத் தட்டுவேன், சாப்பிடும்போது தட்டைத் தட்டுவேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள், இவனுக்கு என்ன இத்தனை கோபம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த அக்காவுக்குத் தொலைதூர நகரத்துக்கு மாற்றல் வந்தது. மாமாவும் அங்கேயே வேலை தேடிக்கொண்டார். அலுவலகத்தார் ஒரு வழியனுப்பு விழா வைத்தார்கள். டயர் கடைக்கு மேலே ஒரு நீளக் கூடம். மாடிப்படி முழுக்க ரப்பர் வாசனை. அந்தக் கூடத்தின் மூலையில் மேடை என்று சொல்லிக்கொள்ள ஒரு ப… ப…

பொறுங்கள். முன்வரிசையில் யாரோ "பந்தல்" என்று எடுத்துக் கொடுத்தீர்கள். நன்றி. ஆனால் நான் சொல்ல வந்தது "பலகை". புதியவர் போலிருக்கிறது. தவறில்லை. இங்கே யாரும் யாருக்கும் சொல் எடுத்துக் கொடுப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதன் காரணமும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது.

அந்தப் பலகையில் ஒரு டிரம்ஸ், ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி, நான்கு கால் சட்டத்தில் தட்டையாகக் கிடத்தப்பட்ட ஒரு கிட்டார். அதன் பின்னால் ஒரு பெண்மணி. பல்செட் செய்யும் பட்டறையில் வேலை. நாளெல்லாம் மெழுகில் பல் பொருத்துகிறவர் என்பதால் அவரை எல்லோரும் மெழுகம்மா என்றே அழைத்தார்கள். ஸ்டீல் கிட்டாரில் இடக்கை விரல்கள் கம்பியை அழுத்துவதில்லை. உருண்டையான ஓர் உருக்குத் துண்டைக் கம்பிகளின்மேல் வைத்து நகர்த்துவார்கள். பல்செட்டுக்கு மெருகேற்றும் சக்கரத்திலேயே அந்தத் துண்டுக்கும் மெருகேற்றியிருந்தார் மெழுகம்மா. விளக்கு வெளிச்சத்தில் அது பளபளத்தது.

டிரம்ஸ்காரர் எழுந்து மைக்கைப் பிடித்தார். "பாடகருக்குத் தொண்டை கட்டிடுச்சு. இன்னைக்குப் பாட்டு கிடையாது, வாசிப்பு மட்டும்தான். மன்னிச்சுக்கங்க."

கூட்டம் மன்னிக்கவில்லை. "பாட்டே இல்லாம என்னய்யா கச்சேரி, சாப்பாட்டைப் போடச் சொல்லு" என்றது ஒரு குரல். நாற்காலிகள் நகர்ந்தன, தட்டுகள் கலகலத்தன, பாதிப் பேர் உணவு மேசைக்குப் போய்விட்டார்கள். முதல் பாட்டை மெழுகம்மா வாசித்தது யார் காதிலும் விழவில்லை. இரண்டாவது பாட்டை டிரம்ஸ்காரரே கேட்டாரா என்று எனக்கு இன்றும் ஐயம்.

மூன்றாவதாக ஒரு பாட்டைத் தொடங்கினார். அந்த நாளில் தெருவெல்லாம் திரிந்த பாட்டு. தேநீர்க் கடையில் கேட்கலாம், தையல் கடையில் கேட்கலாம். எனக்கும் முழுக்க மனப்பாடம். அதன் முதல் சொல்லே "அ"வில்தான் தொடங்கும். வானொலியில் அந்தப் பாட்டு வரும்போதெல்லாம், பாடகர் அந்த முதல் எழுத்தைத் தாண்டும்வரை சாணைச் சக்கரத்தை நிறுத்தி வைப்பேன். அவர் எங்கே திக்கிவிடுவாரோ என்று அவருக்காக நான் பயப்படுவேன்.

அன்று பாடகர் இல்லை. அவர் தொடங்க வேண்டிய இடத்தில் அந்தக் கம்பி தொடங்கியது. எப்படித் தொடங்கியது என்கிறீர்களா? அதுதான் எனக்குத் தெரியவில்லை. உற்றுக் கேட்டேன், தெரியவில்லை. சுரத்தின்மேல் அது குதிக்கவில்லை. அதை முட்டவில்லை, மோதவில்லை. காதுக்கு எட்டாத எங்கோ ஓர் அடியிலிருந்து, மூச்சு மேலேறுவதுபோல மெல்ல ஏறி, ஏறி, அந்த எழுத்துக்குள் போய் அமர்ந்தது. அங்கிருந்து அடுத்த சுரத்துக்கு நழுவியது. நழுவலுக்கும் நழுவலுக்கும் நடுவே இடைவெளி இல்லை. விழுந்துவிட ஒரு விரிசல்கூட இல்லை.

உணவு மேசைக்குப் போனவர்கள் தட்டும் கையுமாகத் திரும்பி வந்தார்கள். கரண்டிச் சத்தம் அடங்கியது. சாப்பாடு கேட்டவரே சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். யாரோ முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கம்பி இசைத்தது, கூடம் சொற்களை இட்டு நிரப்பியது. என் அக்கா பாடினார். பக்கத்தில் நின்ற நானும் என்னை அறியாமல் உதட்டை அசைத்தேன். பாட்டு முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. தட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத அளவுக்கு அந்த இடம் நிறைந்திருந்தது.

விழா முடிந்தது. மெழுகம்மா கம்பிகளைத் தளர்த்திக்கொண்டிருந்தார். என் கால்கள் என்னைக் கேளாமலே அவரிடம் போயின. "எப்படி" என்று கேட்க வேண்டும். "எ…" நின்றுவிட்டது. முகம் கோணியது. இந்த இடத்தில் எல்லோரும் செய்வது இரண்டு. ஒன்று, சொல்லை முடித்துக் கொடுப்பார்கள். இல்லையென்றால் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். மெழுகம்மா இரண்டையும் செய்யவில்லை. கம்பியைத் தளர்த்திக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"கேளுங்க. எனக்கு இன்னும் நாலு கம்பி இருக்கு. அவசரம் ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான். என் வாழ்நாளில் எனக்காக ஒருவர் காத்திருந்தது அதுவே முதல்முறை. கேள்வியை முழுதாகக் கேட்டு முடித்தேன். எப்படி அந்தப் பாட்டைத் தொடங்கினீர்கள் என்று.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கால்ல ஒரு பெடல் இருக்குதுங்க. கம்பியை மீட்டும்போது சத்தத்தைச் சுத்தமாக் குறைச்சு வெச்சுக்குவேன். அப்புறம் மெதுவா மிதிச்சா, சத்தம் தானா வளரும். முதல் சுரத்தை அடிக்கக் கூடாது, அதுக்குள்ள நுழையணும்."

"பே… பேச்சுலயும் அப்படி முடியுமா?"

"அதெல்லாம் எனக்கு என்னங்க தெரியும்? நான் பல்லு கட்டறவ. பல்லு கட்டினவங்க அப்புறம் என்ன பேசறாங்கன்னு நான் கேட்டதில்லையே" என்று சிரித்தார்.

மறுநாள் காலை ரயில் நிலையம். மாமா பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா சன்னலோரம். "ஒழுங்கா சாப்பிடு. முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். பக்கத்து வீட்லயும் சொல்லியிருக்கேன்" என்று எனக்காகச் சொல்ல வேண்டியதை எல்லாம் எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்ட நிம்மதி அவர் முகத்தில். பிறகு தலையைத் திருப்பித் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினார். நான் கதவைத் தட்ட அங்கே கதவில்லை. மூச்சை இழுத்தேன். அடிக்காதே, நுழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெறும் காற்றாகத் தொடங்கினேன். காற்றை மெல்லக் குரலாக்கினேன். குரல் நீண்டது, நீண்டு நழுவி "அக்கா" என்று ஆனது.

அக்கா திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். யாரோ தம் அக்காவை அழைக்கிறார்கள் என்று நினைத்து, நடைமேடையில் தேடினார். அந்தக் குரல் அவருக்குத் தெரியாதே. எப்படித் தெரியும்?

மறுபடியும் அழைத்தேன். இம்முறை அடைத்துக்கொண்டது. "அ… அ…" அக்காவின் உதடு வழக்கம்போல் அதை முடித்து வைக்க எழுந்தது. ஆனால் முடிக்கவில்லை. தம் வாயைத் தம் கையாலேயே பொத்திக்கொண்டார். கண் இரண்டும் வழிந்தன. கை இறங்கவில்லை. வண்டி நகர்ந்தது, நானும் கூடவே நடந்தேன். நடைமேடை முடியும் இடத்தில் அந்தச் சொல்லை நானே முடித்தேன்.

இதோ, இரண்டாம் வரிசையில் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். வீட்டில் இதை எத்தனை முறை சொன்னாலும், அக்கா இந்த இடத்தில் மட்டும் அழுவார். அழுதது போதும், கதை இன்னும் இருக்கிறது.

சில மாதம் சென்று ஒரு நாள் பேருந்தில் ஏறினேன். துணிந்து, போக வேண்டிய நிறுத்தத்தையே கேட்டேன். முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டேன். கண்டக்டர் "எ… எ… எங்க?" என்றார். கேலி செய்கிறார் என்று எனக்கு ஆத்திரம். நான் கேலி செய்கிறேன் என்று அவருக்கு ஆத்திரம். "எ… என்னய்யா ந… நக்கலா?" என்று அவர் கேட்க, "நீ… நீங்கதான்…" என்று நான் இழுக்க, பேருந்தே வேடிக்கை பார்த்தது. இருவருக்கும் உண்மை புரிந்தபோது, வண்டி என் நிறுத்தத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போயிருந்தது. அன்றும் நடந்துதான் திரும்பினேன். ஆனால் தனியாக அல்ல. அவர் வேலை முடியும்வரை வண்டியிலேயே காத்திருந்தேன், பிறகு அவரும் என்னோடு நடந்தார். அந்தக் கண்டக்டர்தான் இன்று மணியோடு அமர்ந்திருக்கும் நம் தலைவர்.

இருவர் பேசிப் பழக ஓர் இடம் வேண்டியிருந்தது. மெழுகம்மாவிடம் கேட்டோம். "சனிக்கிழமை சாயந்திரம் பட்டறை சும்மாதானே கிடக்குது, வாங்க" என்றார். அலமாரி நிறையப் பல்செட்டுகள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் மூச்சிழுத்துப் பழகினோம். இருவர் ஐவரானோம். ஐவர் அறை கொள்ளாத கூட்டமானோம். இன்று இந்த மண்டபம்.

நான் குணமாகிவிட்டேனா? இல்லை. சற்று முன் என் பலகை பட்ட பாட்டைப் பார்த்தீர்களே. மெழுகம்மாவின் கம்பி எனக்கு நோய் தீர்க்கவில்லை. திரையை விலக்கியது. இன்று கடையின் முன்மேசையில் நின்று நானே வாடிக்கையாளர்களோடு பேசுகிறேன். திக்கினால் திக்குகிறேன்.

மெழுகம்மா இங்கே வந்திருக்கிறார். மணிக்கட்டு வலியால் இப்போது வாசிப்பதில்லை. போன வாரம் வீட்டுக்குப் போய், அந்த மாலையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றேன். அவர் சொன்னார்: "எந்த விழா? டயர் கடை மாடியா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லப்பா. ரெண்டாவது பாட்டுல சுருதி விலகிடுச்சு, அது மட்டும்தான் இன்னும் உறுத்துது."

கேட்டீர்களா? ஒருவர் வாழ்வையே திருப்பிய மாலை, மற்றொருவருக்குச் சுருதி விலகிய ஒரு நிகழ்ச்சி. கலை அப்படித்தான் கடந்து போகிறது. கொடுத்தவர் மறந்துவிடுவார், பெற்றவர் மறக்க மாட்டார். யாருடைய எந்த வாசிப்பு, யாருடைய எந்தப் பொறுமை, எவனுடைய தொண்டையைத் திறக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஆகவே அன்பர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றே. அருள் கேட்கவில்லை, அனுதாபம் கேட்கவில்லை, ஆலோசனை அறவே கேட்கவில்லை. அவகாசம் கேட்கிறேன். எதிரே நிற்பவன் சொல்லோடு போராடும்போது, அந்தச் சொல்லை அவனிடமிருந்து பறிக்காதீர்கள். அது அவன் சொல். அவன் பாடுபட்டுப் பெறும் சொல். தாமதமாகப் பிறந்தாலும் அது அவன் வாயில் பிறக்கட்டும்.

தலைவரின் விரல் மணியைத் தொட்டுவிட்டது. என் திக்கலை இத்தனை நேரம் தாங்கிய உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. எனக்கு அடுத்துப் பேச வருபவர், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரு தங்கை. இதுவரை எந்த மேடையிலும் ஏறியதில்லை. தம் பெயரைச் சொல்ல விரும்புகிறார். நேரமாகலாம். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்கும் அளவுக்கு மௌனம் நீளலாம். யாரும் இருமாதீர்கள், யாரும் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வா தங்கச்சி. மைக் உன்னுடையது. அனைவருக்கும் வணக்கம்.