சிமெண்ட் சங்கு

வேப்பமர நிழல் நகர நகர நானும் நாற்காலியை நகர்த்திக்கொள்வேன் சார். இந்தக் காலேஜில் வாட்ச்மேன் மரியானுக்கு என்ன வேலை என்று கேட்டால், அதுதான். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், ஆளுயர மதில், ஒரே வாசல். உள்ளே போகிற ஒருவனையும் நான் நம்பியதில்லை.

பழைய காலேஜைப் புதுசாக்குகிறேன் என்று ஜெயபிரியா என்றொரு எஞ்சினியரம்மா மதுரையிலிருந்து வந்தது. வாசலருகே யானை உயரத்துக்குச் சிமெண்டில் ஒரு சங்கு. அதைத் திறந்த கையோடு மதிலை இடித்து, கடற்கரை வரைக்கும் புல்தரை போடுவதாகத் திட்டம்.

"மதில் வேண்டாம்யா. கடல்காத்து நேரா லைப்ரரிக்கு வரணும்."

"கள்ளனும் நேரா வருவாம்லா, தாயி."

சிரித்தது. மதில் இல்லாத காலேஜுக்கு வாட்ச்மேன் எதற்கு என்று அது சொல்லவில்லை. நானே புரிந்துகொண்டேன்.

சங்கு நன்றாகத்தான் வந்திருந்தது, குறை சொல்லமாட்டேன். ஆனால் நாறாத சங்கை எங்கள் கரையில் எவன் கண்டான்? முங்கி எடுத்த சங்கைக் குவித்துப் போட்டு, உள்ளே சதை அழுகினால்தான் ஓடு சுத்தமாகும். அந்தக் குறை எதற்கு என்று, விழா நெருங்குகையில் திரேஸ்புரத்தில் சங்குச் சதை வாங்கிவந்து உள்ளே அடைத்தேன். மிச்ச வேலையை வெயில் பார்த்துக்கொண்டது.

ரிப்பன் வெட்ட வந்தவர் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினார். பேராசிரியர்மார் பட்டுவேட்டியோடு வாந்தி எடுத்தார்கள். நானும் முகத்தைச் சுளித்தேன், ஒரு மரியாதைக்கு.

சதை சுமந்த வாளி, கேன்டீன் நடத்தும் பொன்செல்வியுடையது. என் வாளி ஓட்டை. காரியம் முடிந்ததும் சங்குக்குப் பின்னாலேயே வைத்துவிட்டேன். திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லை. மீன்கழிவைக் கொட்டியது அவள்தான் என்று பிரின்சிபால் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, வாசல்ல இருந்தது நீங்கதான? நான் கொட்டலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

"வாளி ஒன்னுதுதானளா," என்றேன். அதில் பொய் இல்லையே.

அவள் அழ அழக் கேன்டீனைப் பூட்டினார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்போது உப்பளத்தில் உப்பு வாருகிறாள். சங்கை இடித்தார்கள். இப்படி நடக்கிற இடத்தில் மதிலை எப்படி எடுப்பது என்று பிரின்சிபாலே சொல்லிவிட்டார். எனக்குப் புது விசில்.

சங்குச் சதையை வாங்கியது, அடைத்தது, வாளியை வைத்தது எல்லாம் நான்தான். மறுக்கவில்லை சார். ஆனாலும் ஒரு தப்பும் செய்யாதவள் எதற்காக அப்படி அழவேண்டும்? எனக்கு அவள்மேல் இன்னும் சந்தேகம்தான்.