கட்டைக்காலுக்குச் சலங்கை

லோஹேகாவ் ஊருக்குப் போகும் பேருந்தில் யாருக்கும் இடம் கொடுக்காமலிருக்க நான் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். பின் இருக்கையில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரும், நடனக் கலைஞரான அவர் மகளும்.

"என் பழைய கட்டைக்காலுக்குச் சலங்கை கட்டி கண்காட்சியில வச்சே, சரி. கீழ ஏம்மா 'போரில் கால் இழந்த வீரர்'னு எழுதினே?"

"நீங்கதானப்பா சொன்னீங்க."

"அது உங்கம்மாவைப் பொண்ணு பாக்கப் போனப்ப சொன்னது. சண்டையெல்லாம் முடிஞ்சப்புறம், கேம்ப்புக்குப் பால் வாங்கப் போறப்பதான் டிரக் ஏறிடுச்சு. நாளைக்கு என் பட்டாளத்து ஆளுங்க வந்து படிச்சா, அவ முன்னாடியே சிரிப்பானுங்க."

"அம்மா நேத்தே வந்து 'போரில்'ங்கறதை அடிச்சிட்டு, 'பால் வாங்கப் போய்'னு எழுதிட்டாங்கப்பா."



"அவளுக்கு யார் சொன்னது?"

"கல்யாணப் பந்தியிலயே உங்க பட்டாளத்து ஆளுங்க சொல்லிட்டாங்களாம்."